கைப்பேசி ஒன்றே போதுமா?

உழைப்பைக் குறைத்துப் பயனைப் பெருக்கும் கருவி எதுவாயினும் அதனை வரவேற்பது தொழில் செய்வோரின் கடமையாகும். கையால் எறிந்த நாடாவுக்குப் பதிலாகக் கயிற்றை இழுத்தால் ஓடும் நாடா வந்தபோது நம் நெசவாளர்கள் அதனை ஏற்றனர். ஏற்றத்தின் இடத்தில் மின்சார இறைப்புப் பொறி வந்தபோது நம் விவசாயிகள் அதனை ஏற்றனர். அவ்வாறே இன்று திறன்பேசி எனப்படும் கைப்பேசி நம் இல்லங்களிலும் வயல்களிலும் தறிக்கூடங்களிலும் இடம்பெற்றுவிட்டது. கடிதம், கணக்கு, புகைப்படம், கடிகாரம், ரேடியோ, விளக்கு, வங்கி ஆகிய அனைத்தும் உள்ளங்கையளவுள்ள பெட்டி ஒன்றினுள் அடங்கியிருப்பது வியப்புக்குரியதே.

இதனால் ஒரு கேள்வி எழுகின்றது. சங்க அலுவலகத்துக் கணினி பழுதுற்றால் புதிது வாங்கத்தான் வேண்டுமா? தராசுக்கும் ஈரப்பதம் அளக்கும் கருவிக்கும் ஆண்டுதோறும் செலவிடத்தான் வேண்டுமா? எல்லாவற்றையும் கைப்பேசியே செய்துவிடாதா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பணம். வேண்டாத கருவிக்குச் செலவிடுவது வீண். வேண்டிய கருவியை வாங்காது விடுவது அதனினும் பெரிய நஷ்டம். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முதியோர் வாக்கு. எந்த அளவை எதனைக் கொண்டு அளப்பது என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

கைப்பேசி வென்ற இடங்கள்

முதலில் கைப்பேசிக்கு உரிய பெருமையை அளித்துவிடுவோம். 1969-ஆம் ஆண்டில் சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுசென்ற அப்போலோ கலத்திலிருந்த கணினியின் மாற்றியெழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்களையே கொள்ளவல்லதாயிருந்தது. இன்று விலை குறைந்த கைப்பேசியிலுங்கூட அதனைப்போல் பல லட்சம் மடங்கு நினைவகம் உண்டு. 2007-இல் ஐபோனும், 2008-இல் ஆண்ட்ராய்டு முறையில் இயங்கும் முதற் கைப்பேசியும் விற்பனைக்கு வந்தன. இருபது ஆண்டுகளுக்குள் அவை பல தனிக் கருவிகளின் சந்தையையே மாற்றிவிட்டன.

புகைப்படக் கருவியின் நிலையே இதற்குத் தக்க சான்று. ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல்; 2023-இல் அவை 80 லட்சத்துக்கும் குறைவு. நல்ல காமிராவின் கண்ணாடி வில்லை இன்றும் கைப்பேசியின் வில்லையினும் மேலானதே. எனினும் இலையில் புழுவைக் கண்ட விவசாயியிடம் அவ்வேளையில் இருப்பது கைப்பேசியே. படமெடுத்த மறுநிமிடத்தில் அது வேளாண்மை அலுவலரைச் சென்றடைகின்றது. வேண்டிய நொடியில் கையிலிருப்பதே அதன் முதல் வலிமையாகும்.

பணம் செலுத்துவதிலும் இதுவே நிகழ்ந்தது. 2016-இல் தொடங்கப்பெற்ற யூ.பி.ஐ. முறையில் 2023 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 1,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடைபெற்றன. 2025 ஆகஸ்டில் அத்தொகை 2,000 கோடியைக் கடந்தது. வங்கி வாயிலில் அரைநாள் கூலியை இழந்து நின்ற நிலை பெரிதும் குறைந்திருக்கின்றது. 2018-இல் நம் மாநில அரசு வெளியிட்ட உழவன் செயலியில் விலை நிலவரம், மானியம், இடுபொருள் இருப்பு முதலிய விவரங்களை வரப்பில் நின்றவாறே காணலாம்.

நெசவாளருக்கும் இதனால் நன்மையுண்டு. துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை என எண்ணுவதற்கு முன்பு உருப்பெருக்குக் கண்ணாடி இன்றியமையாததாயிருந்தது. இன்று துணியின்மேல் எஃகு அளவுகோலை வைத்து, கைப்பேசியை அசையாது பிடித்துப் படமெடுத்து, அதனைப் பெரிதாக்கி இழைகளை எண்ணிவிடலாம். கண் மங்கிய முதிய நெசவாளருக்கு இது பேருதவியாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கைப்பேசி, ஒளிக்கு ஏற்றவாறு படத்தின் வண்ணத்தைத் தானே திருத்திக்கொள்ளும் இயல்புடையது. மஞ்சள் விளக்கின்கீழ் எடுத்த அரக்குச் சேலை, வாங்குவோர் திரையில் வேறொரு சிவப்பாகத் தோன்றக்கூடும். படத்தை நம்பி வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் சங்கத்துக்கே. பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாத இடத்தில், அருகே வெள்ளைத் தாள் ஒன்றை வைத்துப் படமெடுத்தல் நலம். சாயத்தின் நிறத்தை முடிவு செய்வதற்கு மட்டும் படத்தை நம்பாது, சாயமேற்றிய நூல் மாதிரியையே அனுப்புதல் வேண்டும்.

உறுப்பு இல்லையேல் அளவு இல்லை

கைப்பேசிக்குக் கண் உண்டு, காதும் உண்டு. திசையறியவும் அசைவறியவும் உறுப்புக்கள் உண்டு. ஆனால் எடையை உணரும் உறுப்பு அதற்கு இல்லை. தானியத்தின் ஈரத்தை அறியும் உறுப்பும் இல்லை. பெரும்பாலான கைப்பேசிகளில் வெளி வெப்பத்தை அளக்கும் உறுப்பும் இல்லை. எந்தச் செயலியை ஏற்றினாலும் இல்லாத உறுப்பு முளைத்துவிடாது. "கைப்பேசியைத் தராசாக்கும் செயலி" என்பதுபோன்ற விளம்பரங்களை அங்கத்தினர்கள் நம்பலாகாது.

நெல்லை எடுத்துக்கொள்வோம். கொள்முதலில் நூற்றுக்கு 17 என்பது ஈரப்பதத்தின் பொது வரம்பு. பருவம் கெட்ட ஆண்டுகளில் மத்திய அரசு அதனைத் தளர்த்துவதும் உண்டு. ஈரப்பதம் அளக்கும் கருவி தானியத்தினூடே மின்சாரத்தைச் செலுத்தி, ஈரத்துக்கேற்ப மாறும் மின்தன்மையைக் கொண்டு கணக்கிடுகின்றது. நெல்லின் படத்தைப் பார்த்து இதனைச் சொல்லிவிட இயலாது. 17-க்கும் 19-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் மூட்டைகள் களத்திலேயே தங்குமா, அன்றே விலையாகுமா என்பதை அதுவே தீர்மானிக்கின்றது. கருவியொன்று சங்கத்திலேயே இருந்தால், வண்டிவாடகை கொடுத்து நெல்லைக் கொண்டுசெல்லும் முன்னரே நம் அங்கத்தினர் அதனை அறிந்துகொள்ளலாம்.

நூலின் நம்பரும் அவ்வாறே. ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூலில் 120 கஜத்தின் எடை ஏறத்தாழ 1.62 கிராம். 38-ஆம் நம்பராயின் அதே நீளம் 1.7 கிராமுக்குச் சற்று மேல். வேறுபாடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த நுண்ணிய வேறுபாட்டைப் பிடித்துத் தருவன நூல் சுற்றும் உருளையும் நுண்தராசுமே. 40 என்று விலை கொடுத்து 38 பெற்றால், நெய்யக் கிடைக்கும் நீளத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்துவிடுகின்றது. எத்துணை உயர்ந்த விலையுள்ள கைப்பேசியும் இக்குறையைக் காட்டித் தராது.

மழையளவும் கருதத்தக்கது. கைப்பேசி வானிலை அறிவிப்பைக் கொணர்ந்து தரும். அது பெரும் நன்மை. ஆனால் நம் வயலில் நேற்றிரவு பெய்த மழை எவ்வளவு என்று அது அறியாது. ஓர் ஊரின் கீழ்க்கோடியில் பெய்து மேற்கோடியில் பெய்யாத மழையை நாம் அறிவோம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரமும் ஓர் அளவுகோலும் இதற்குப் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 4,047 லிட்டர் நீர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். அன்று இறைப்புப் பொறியை ஓட்டத் தேவையில்லை என்பதைச் சொல்ல, சில ரூபாய்ப் பெறுமானமுள்ள பாத்திரமே வல்லது.

நிலத்தை அளப்பதில்

கைப்பேசியுடன் வரப்பைச் சுற்றி நடந்தால் நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டுத் தரும் செயலிகள் உள்ளன. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் குறிப்பைக் கொண்டு இது நடைபெறுகின்றது. திறந்த வானத்தின்கீழ்ச் சாதாரணக் கைப்பேசி ஓரிடத்தைக் குறிப்பதில் ஏறத்தாழ 5 மீட்டர், அதாவது 16 அடி வரையில் பிழை நேர்வது இயல்பு. மரநிழலிலும் கட்டிடங்களின் அருகிலும் பிழை இன்னும் மிகும்.

ஏக்கர் ஒன்றைச் சதுரமாகக் கொண்டால் பக்கம் 209 அடி. ஒரு சென்ட் நிலத்தின் பக்கமோ 21 அடி மட்டுமே. பல ஏக்கர் பரப்புக்கு எவ்வளவு விதை, எவ்வளவு மருந்து என்று குத்துமதிப்பாக அறிய இவ்வளவை போதும். ஆனால் இருவருக்கிடையே அரை சென்ட் வழக்கைத் தீர்க்க 16 அடிப் பிழையுள்ள கருவியைக் கொண்டுவருவது வழக்கை வளர்ப்பதாகவே முடியும். எல்லைக்கல்லை ஊன்ற நில அளவரும் அவருக்குரிய கருவியுமே வேண்டும். தனக்காக மதிப்பிடுவதற்கும் பிறரோடு முடிவு செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வுதாரணம் நன்கு விளக்கும்.

இருவர் ஒப்ப வேண்டிய அளவு

கூட்டுறவுக்கு நம்பிக்கையே அடிப்படை. அந்நம்பிக்கை வாய்ச்சொல்லால் மட்டும் நிலைப்பதில்லை. இருவரும் ஒருங்கே பார்க்கக்கூடிய அளவையால் நிலைக்கின்றது. பட்டு நெசவாளர் சங்கத்திலிருந்து பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுப் பெறுகின்றார். நெய்த சேலையை எடைபோட்டு ஒப்படைக்கின்றார். குறைவு கண்டால் அது கூலியில் கழியும். பட்டோ காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும் இயல்புடையது. வாணிப வழக்கில் உலர்ந்த பட்டுக்கு நூற்றுக்கு 11 பங்கும், பருத்திக்கு நூற்றுக்கு 8.5 பங்கும் ஈரம் எனக் கணக்கிடுவர். மழைநாளில் வாங்கிய பட்டு வெயில்நாளில் எடை குறைந்து காணப்பட்டால் அது நெசவாளரின் குற்றமாகாது. எனவே கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரே தராசில், இருவர் கண்முன் எடையிடுதலும், பருவத்துக்கேற்ற கழிவு வைத்தலும் முறையாகும். அத்தராசு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரையிடப்பெற்றதாக இருத்தல் வேண்டும். முத்திரைக்காகச் செலுத்தும் கட்டணம் வீண்செலவன்று; வழக்கு வராமற் காக்கும் காப்புத்தொகை அது.

கடைவீதியிலுங்கூட இவ்வுண்மை விளங்கிற்று. கைப்பேசியிலேயே பணம் வந்த செய்தி தெரியும்போது வேறு கருவி எதற்கு என்று எவரும் எண்ணியிருக்கலாம். ஆயினும், பணம் வந்ததைக் குரலில் அறிவிக்கும் சிறிய ஒலிப்பெட்டி 2019-இல் நம் நாட்டில் அறிமுகமாகி, இன்று தேநீர்க்கடையிலும் காய்கறிக்கடையிலும் ஒலிக்கின்றது. வாங்குவோர் தம் கைப்பேசித் திரையைக் காட்டிச் செல்வதை வியாபாரி எவ்வாறு நம்புவது? இருவரும் ஒரே வேளையில் கேட்கும் சான்று தேவைப்பட்டது. கைப்பேசி எங்கும் பரவிய பின்னர், அதற்குத் துணையாகவே ஒரு தனிக் கருவி பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

கணினியின் இடம்

கணினி நெசவாளருக்கு அந்நியப் பொருளன்று. 1804-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலையை நெய்யும் பொறியை அமைத்தார். அவ்வட்டை முறையையே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்குக் கைக்கொண்டார். 1890-இல் அமெரிக்க மக்கட்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைக் கொண்டே தொகுத்தார். இவ்வகையில் கணினியின் முன்னோருள் தறியும் ஒன்று எனலாம்.

அந்த ஜக்கார்டு வேலையிலேயே கைப்பேசியின் குறை நன்கு தெரிகின்றது. 240 கொக்கிகள் கொண்ட பொறிக்கு ஒரு பூவேலை வரைய, குறுக்கே 240 கட்டங்களும், நெடுக்கே ஊடைக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான கட்டங்களும் வேண்டும். ஒரு கட்டம் பிசகினாலும் அப்பிழை பூ வருந்தோறும் சேலை முழுவதும் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கும். உள்ளங்கையளவுத் திரையில் கட்டங்களைப் பெரிதாக்கினால் முழுப்பூ மறைகின்றது. முழுப்பூவைப் பார்த்தால் கட்டம் தெரிவதில்லை. அகன்ற திரையும் விசைப்பலகையும் உள்ள கணினியில் இரண்டையும் ஒருங்கே காணலாம். நாலு பேர் சுற்றி நின்று குறை சொல்லித் திருத்தவும் இயலும்.

சங்கக் கணக்கும் அத்தகையதே. நூறு அங்கத்தினரின் பங்குத்தொகை, கடன், வட்டி, நூல் இருப்பு, கூலி ஆகியவற்றை வரிசையாக எழுதி, ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து, அச்சிட்டுப் பொதுக்குழுவின் முன் வைக்கவேண்டும். ஆண்டுதோறும் தணிக்கையாளரிடம் காட்டவேண்டும். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க 2022-இல் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்ததன் காரணமும் இதுவே. கைப்பேசி தனி மனிதரின் உடைமை. காரியதரிசியின் கைப்பேசியில் மட்டும் கணக்கு இருக்குமாயின், அது கீழே விழுந்து உடைந்தாலும், திருட்டுப் போனாலும், அவரே பதவி விலகிச் சென்றாலும் சங்கத்தின் நினைவும் உடன் சென்றுவிடும். பலர் பல ஆண்டுகள் பார்க்கவேண்டியது சங்கத்துக் கணினியிலும், அதன் படி வேறோரிடத்திலும் இருப்பதே பாதுகாப்பு.

புயல் நாளில்

மற்றொன்றையும் மறத்தலாகாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரைகடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் செயலற்றன. பல ஊர்கள் பல நாட்கள் இருளில் இருந்தன. அத்தகைய நாட்களில் மின்னேற்ற வழியற்ற கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டே. இரண்டு பாட்டரிக் கட்டைகளில் நெடுநாள் பாடும் சிறு ரேடியோ அப்பொழுதும் பேசும். 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் வானொலி வாயிலாகவே பரவி "ரேடியோ நெல்" எனப் பெயர் பெற்றதை முதியோர் அறிவர். பழைய ரேடியோவைப் பரணில் போடாது பாட்டரியுடன் வைத்திருத்தல் கடலோர மாவட்டத்தினர்க்கு மிகவும் அவசியம்.

நாம் செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஒரு வேலைக்குக் கைப்பேசி போதுமா என்று ஐயம் எழும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோமாக. அதனை அறியும் உறுப்பு கைப்பேசிக்கு உண்டா? அந்த அளவை யார் நம்பவேண்டும்? உறுப்பு இருந்து, நாம் மட்டும் அறியவேண்டியதாயின் கைப்பேசியே சிறந்தது. வேறு கருவிக்குச் செலவிடுதல் வீண். இருவர் ஒப்பி விலையோ கூலியோ தீரவேண்டியதாயின் முத்திரையிட்ட தனிக் கருவி வேண்டும். பலர் பல ஆண்டுகள் பார்க்கவேண்டிய பதிவாயின் கணினி வேண்டும்.

அங்கத்தினர்கள் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. கைப்பேசி நன்கு இயங்கிக்கொண்டிருக்கும்போது புது மாதிரிக்கு ஆசைப்பட்டுத் தவணைக் கடன் படவேண்டாம். மேற்கூறிய வேலைகளுக்குச் சாதாரணக் கைப்பேசியே போதும். வேளாண்மை ஐயங்களுக்கு 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணைப் பழைய பொத்தான் கைப்பேசியிலிருந்தும் அழைக்கலாம். 2004 முதல் விவசாயிகளுக்கென நடைபெறும் சேவை அது. பணம் அனுப்பும் இரகசிய எண்ணை எவரிடமும் கூறாதீர்கள். மோசடி நேர்ந்தால் நாணித் தயங்காது உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

சங்கங்களின் கடமையும் உண்டு. ஐந்து குடும்பங்கள் தனித்தனியே வாங்க இயலாத ஈரப்பதக் கருவியையும் நுண்தராசையும் சங்கம் ஒன்று வாங்கினால் அனைவரும் பயன் பெறலாம். கைப்பேசியை ஒவ்வொருவரும் தனித்தே வைத்திருக்க முடியும். நல்ல அளவைக் கருவியைக் கூடி வாங்கிக் கூடிப் பயன்படுத்துவதே சிக்கனம். கூட்டுறவின் பொருளும் அதுவேயன்றோ? அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் தராசின் முத்திரை எந்நாளுடன் முடிகின்றது, கணக்கின் மறுபடி எங்கே வைக்கப்பட்டிருக்கின்றது என்னும் இவ்விரு கேள்விகளை அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுந்து கேட்கவேண்டும். கேட்பது நம் உரிமை. விடையளிப்பது நிர்வாகக் குழுவின் கடமை. புதுமையை வரவேற்போம், அளவைக் கைவிடாதிருப்போம்.